ஏட்டுக்கு எது ஒத்துக்கொள்ளும்

அன்று அறுவடை முடிந்த அந்த வயலில் யார் யார் இருந்தார்கள் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஊர் ஊராக வாத்துகளை ஓட்டிப்போய் வயலில் கிடை போடுகிற கூட்டத்துக்குத் தலைவன் கொளஞ்சி. அவன் மனைவி பச்சையம்மா. பச்சையம்மாவின் தம்பி மண்ணாங்கட்டி. சின்ன வயதிலேயே இவர்களோடு வந்து சேர்ந்துவிட்ட சடையன். ஆக மனிதர்கள் நாலு பேர். நாய் ஒன்று. ராத்திரி காவல் பார்ப்பதால் அதற்கு ஏட்டு என்று பெயர். வாத்து இருநூற்றுப் பன்னிரண்டு. வயல் என்னுடையது என்பதால் வரப்பில் நானும் இருந்தேன். நான் ஒன்றும் பேசவில்லை, அதனால் என்னைச் சேர்க்க வேண்டியதில்லை.

இருநூற்றுப் பன்னிரண்டு என்பது நான் எண்ணியது. கொளஞ்சி எண்ணினால் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு தொகை வரும். வந்ததில் எது பெரியதோ அதை அவன் வைத்துக்கொள்வான்.

ஏட்டுக்கு ஒரு மாதமாக உடம்பு சரியில்லை. காதைச் சொறியும், வயிற்றைச் சொறியும், பாதத்தைக் கடிக்கும். முதுகில் உள்ளங்கை அகலத்துக்கு முடி கொட்டிவிட்டது. தன் காலுக்கு எட்டாத இடத்தைச் சடையனிடம் கொண்டுபோய்க் காட்டும். அவன் சொறிந்துவிடுவான். ஏட்டைக் குட்டியில் துணிப்பையில் போட்டுத் தூக்கி வந்து பால் புகட்டி வளர்த்தவன் அவன்தான்.

முந்தின ராத்திரி நரி வந்து ஒரு வாத்தைக் கொண்டுபோய்விட்டது.

"நரி வந்த நேரத்துல இது சொறிஞ்சுக்கிட்டு இருந்திருக்கு," என்றான் கொளஞ்சி. "நரியும் கொஞ்ச நேரம் நின்னு பார்த்திருக்கும். சரி, வேலையா இருக்காரு, நாம ஏன் தொந்தரவு பண்ணணும்னு வாத்தைத் தூக்கிக்கிட்டுப் போயிடுச்சு. அடுத்த வெள்ளிக்கிழமை கிடை மாறணும். அதுக்குள்ள சரியாகலன்னா ஏட்டை இங்கயே விட்டுட்டுப் போக வேண்டியதுதான்."

"அப்ப என்னையும் இங்கயே விட்டுடுங்கண்ணே," என்றான் சடையன்.

"உனக்கு எங்கடா அரிக்குது?"

சடையன் ஏட்டின் காதைத் தடவிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

அந்த நேரம் பார்த்துத்தான் கால்நடை டாக்டர் தமயந்தி ஸ்கூட்டரில் வந்தார். ஊரில் மாடுகளுக்கு ஊசி போட்டுவிட்டுத் திரும்பும் வழி. சடையன் ஓடிப்போய் ஸ்கூட்டருக்கு முன்னால் நாயோடு நின்றுவிட்டான். டாக்டரம்மா இறங்கி ஏட்டின் காதைத் திருப்பிப் பார்த்தார், பாதத்தை விரித்துப் பார்த்தார், ஓர் ஊசி போட்டார். பிறகு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே சொன்னார்:

"இது தீனியால வந்த அலர்ஜி. தின்கிறதுல ஏதோ ஒண்ணு இதுக்கு ஒத்துக்கல. மீனா இருக்கும்னு நினைக்கிறேன். மீனைக் கண்ணுலயே காட்டாதீங்க. எல்லாத்தையும் கலந்து போடாம ஒண்ணொண்ணாக் குடுத்துப் பாருங்க. கறி குடுக்கிறதா இருந்தா இதுவரைக்கும் இது வாயில படாததாப் பார்த்துக் குடுங்க. எதுவா இருந்தாலும் சரி, ஒத்துக்காததைக் குடுத்துடாதீங்க. நான் அடுத்த வெள்ளிக்கிழமை வந்து பார்க்கிறேன்."

ஸ்கூட்டர் போய்விட்டது. மண்ணாங்கட்டி டாக்டரம்மா சொன்னதை ஒரு எழுத்து தவறாமல் மூன்று தடவை திருப்பிச் சொன்னான். அவனுக்கு ஞாபகம் நல்ல ஞாபகம். அதனால் வந்த வினைதான் எல்லாம்.

அன்றைக்குப் பச்சையம்மா வாய்க்கால் கெண்டையில் குழம்பு வைத்திருந்தாள். கொளஞ்சி தோளில் கிடந்த துண்டை எடுத்து ஏட்டின் கண்ணை இறுக்கிக் கட்டினான். பிறகு ஒரு தட்டு நிறைய மீன்குழம்பும் சோறும் வைத்தான். ஏட்டு கண்ணைக் கட்டிக்கொண்டே தட்டைக் காலி செய்தது. அன்று ராத்திரி அது சொறிந்த சொறியில் பக்கத்தில் படுத்திருந்த மண்ணாங்கட்டி தனக்கும் அரிப்பதாகச் சொல்லி எழுந்துபோய் வாய்க்காலில் குளித்தான்.

காலையில் கூடிப் பேசினார்கள்.

"கண்ணுல காட்டவே இல்லையே. அப்புறம் எப்படி?" என்றான் சடையன்.

கொளஞ்சி துண்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். "துண்டு நைஞ்சு போச்சு. இழை வழியாப் பார்த்திருக்கும்."

மறுநாள் இரண்டு துண்டு கட்டினார்கள். அப்போதும் சொறிந்தது.

"நீங்க சொல்றது தப்புய்யா," என்றாள் பச்சையம்மா. "நாயோட கண்ணைச் சொல்லல அவங்க. மீனோட கண்ணைச் சொல்லியிருக்காங்க. கண்ணோட மீனைக் காட்டாதீங்கன்னு அர்த்தம்."

அது எல்லாருக்கும் நியாயமாகப் பட்டது. அடுத்த வேளைக்கு மீனின் தலையை வெட்டித் தனியாக வைத்துவிட்டு, கண் இல்லாத மீனை மட்டும் குழம்பில் போட்டுக் கொடுத்தார்கள். அப்போதும் சொறிந்தது. அதற்குமேல் அந்த ஆராய்ச்சி நடக்கவில்லை. வாய்க்காலில் தண்ணீரை நிறுத்திவிட்டார்கள், மீன் கிடைக்கவில்லை.

மீன் இல்லாமல் போனதால் சோறு மட்டும் இருந்தது. பச்சையம்மாவுக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"ஏய்யா, ஒத்துக்காததைக் குடுத்துடாதீங்கன்னு டாக்டரம்மா சொன்னாங்களே. சோத்தைக் கேட்டியா?"

"என்னன்னு கேக்கிறது?"

"ஏட்டுக்குப் போக ஒத்துக்குதான்னுதான். யாரா இருந்தாலும் ஒரு வார்த்தை கேக்கணுமில்ல."

கொளஞ்சி யோசித்தான். தலைவன் என்ற முறையில் அவன்தான் கேட்க வேண்டும். அடுப்பில் இருந்த பானைக்குப் பக்கத்தில் குனிந்து, "ஏட்டு சாப்பிடணும். போறியா?" என்று கேட்டான்.

பானை மூடி தடதடவென்று ஆடியது. கஞ்சி பொங்கி வழிந்து அடுப்பில் விழுந்து சீறியது.

"கொதிக்குது மாமா," என்றான் மண்ணாங்கட்டி. "இவ்வளவு கோவத்தை நான் எங்கயும் பார்த்ததில்ல."

"எடுத்த எடுப்புல போறியான்னு கேட்டா யாருக்குத்தான் கொதிக்காது?" என்றாள் பச்சையம்மா. "கொஞ்சம் ஆறட்டும். அப்புறம் நல்லபடியாக் கேளு."

கஞ்சியை வடித்து, சோற்றை ஆற வைத்து, கொளஞ்சி கைகட்டிக்கொண்டு மறுபடி கேட்டான். சோறு ஒன்றும் சொல்லவில்லை.

"பேசாம இருக்கே."

"பேசாம இருந்தா சரின்னு அர்த்தம்யா. உன்னைக் கட்டிக்கிறியான்னு எங்கப்பா கேட்டப்ப நான் இப்படித்தான் இருந்தேன்."

கொளஞ்சி அவள் பக்கம் திரும்பினான். "நீ வெட்கத்துல பேசலன்னு இல்ல நான் நினைச்சேன்."

"வாயில வெத்தலை இருந்துச்சு."

ஆக, சோறு ஒத்துக்கொண்டது என்று முடிவாயிற்று. ஆனால் ஒண்ணொண்ணாக் குடுத்துப் பாருங்க என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். சடையன் ஏட்டை மடியில் கிடத்திக்கொண்டு ஒரு பருக்கையை எடுத்து அதன் நாக்கில் வைத்தான். நாலு பேரும் சுற்றி உட்கார்ந்து பார்த்தார்கள். ஏட்டு விழுங்கிவிட்டு அவர்கள் ஒவ்வொருவரையும் பார்த்தது. பிறகு இரண்டாவது பருக்கை. மறுபடியும் பார்த்தார்கள்.

வரப்பில் இருந்தபடி முந்நூற்று நாற்பத்தொன்பது பருக்கை வரை எண்ணினேன். அதற்குமேல் வெளிச்சம் போதவில்லை. நடுவில் ஏட்டு கஞ்சியை மட்டும் சட்டி சட்டியாகக் குடித்தது. கஞ்சியை ஒண்ணொண்ணாகப் பிரிக்க முடியாது என்று அதை அதன் இஷ்டத்துக்கு விட்டுவிட்டார்கள்.

அடுத்தடுத்த நாளும் இதே வேலைதான். விடிந்ததும் சடையன் பருக்கையை எடுப்பான், இருட்டியதும் நிறுத்துவான். ஏட்டுக்கு வேறு எதையும் போய் முகர்ந்து பார்க்க நேரம் இல்லை. சொறிவது குறைந்துகொண்டே வந்தது. அதை யாரும் கவனிக்கவில்லை. அவர்கள் கறியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"இதுவரைக்கும் ஏட்டு வாயில படாதது என்ன?" என்று கொளஞ்சி கேட்டான். "யோசிச்சு ஆளுக்கொண்ணு சொல்லுங்க."

"குடை," என்றான் மண்ணாங்கட்டி.

"போன மழையில கைப்பிடியைக் கடிச்சிடுச்சு."

"உங்க செருப்பு மாமா?"

"வலது பட்டிருக்கு. இடது இன்னும் படல."

"அப்ப இடது."

"கறின்னு சொன்னாங்கடா."

"செருப்பும் மாட்டுத் தோல்தானே மாமா."

"இது ரப்பர். ரப்பர் மாடு எங்க இருக்கு?" கொளஞ்சி சடையன் பக்கம் திரும்பினான். "உன் கை?"

"தினமும் நக்கும்ணே."

"அப்புறம் எதைத்தான் அது வாயால தொட்டதில்ல?"

"வாத்தைத் தொட்டதே இல்லண்ணே," என்றான் சடையன் பெருமையாக. "மூக்கால தள்ளித்தான் கிடைக்குள்ள சேர்க்கும். ஒரு இறகுல பல்லு பட்டதில்ல."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு உறைத்தது. மற்ற மூன்று பேரும் திரும்பி வாத்துகளைப் பார்த்தார்கள். வாத்துகளும் மேய்வதை நிறுத்திவிட்டு அவர்களைப் பார்த்தன.

சடையனுக்கு ஒரு பக்கம் நாய், ஒரு பக்கம் வாத்து. இரண்டும் அவன் கையால் வளர்ந்தவை. அவசரமாகச் சொன்னான்: "வாத்து ஒத்துக்கணுமேண்ணே. சோத்தைக் கேட்டுட்டு வாத்தைக் கேக்காம விட்டா நல்லா இருக்குமா?"

"கேக்காம எப்படி விடுவேன்?" என்றான் கொளஞ்சி. "ஒத்துக்காததைக் குடுத்தா இன்னும் அதிகமாச் சொறியும்."

வெள்ளிக்கிழமை காலையில் விசாரணை தொடங்கியது. கொளஞ்சி கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தான். ஏட்டை எதிரில் உட்கார வைத்தார்கள். மண்ணாங்கட்டி முதல் வாத்தைத் தூக்கி வந்து, "ஏட்டுக்குத் தீனியாப் போக ஒத்துக்கிறியா?" என்றான்.

"மரியாதையாக் கேளுடா," என்றாள் பச்சையம்மா. "முட்டை போடுற வாத்து. வா போன்னா எப்படி ஒத்துக்கும்?"

"ஒத்துக்கிறீங்களா?"

வாத்து தலையை மேலும் கீழும் ஆட்டியது.

"தலையாட்டிட்டாங்க மாமா."

"தலையாட்டினா ஆச்சா? விறகு பொளந்து வைடான்னு உங்கக்கா சொன்னப்ப நீயும்தான் தலையாட்டினே. பொளந்தியா? வாயைத் திறந்து சொல்லச் சொல்லு."

மண்ணாங்கட்டி வாத்தைக் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தான்.

"வாக், வாக்," என்றது வாத்து.

"வாக்குக் குடுத்துடுச்சு மாமா."

"குடுக்குதா, கேக்குதா? நல்லாக் கேட்டியா?"

"வாக்குன்னுதான் சொன்னாங்க."

"யாருக்கு வாக்குன்னு சொல்லணுமில்ல? ஏட்டுக்கா, நமக்கு எதிராவா?"

இது பெரிய சிக்கலாகிவிட்டது. நாலு பேரும் நெடுநேரம் தரையில் கோடு கிழித்துப் பார்த்தார்கள். கடைசியில் கொளஞ்சியே ஒரு முறை வகுத்தான். வாக்குச் சொன்ன வாத்தை நடுவில் இறக்கிவிட வேண்டும். ஏட்டு பக்கம் நடந்தால் ஒத்துக்கொண்டது. மற்ற வாத்துகள் பக்கம் நடந்தால் ஒத்துக்கொள்ளவில்லை.

"ஒரு தடவை சொன்னதே மறுபடி வந்து சொன்னா?" என்றான் சடையன்.

"மை வைக்கணும். வாக்குச் சொன்னா மை வைக்கிறதுதானே வழக்கம்?"

பச்சையம்மாவின் கண்மைச் சிமிழை எடுத்தார்கள். அவள் விடவில்லை.

"என் கண்ணுக்கு என்னய்யா பண்றது?"

"நாயோட உசுரு பெருசா, உன் கண்ணு பெருசா?"

"கண்ணு பெருசுன்னு சொல்லித்தானே என்னைக் கட்டினே?"

ஆனாலும் சிமிழ் மண்ணாங்கட்டி கைக்குப் போய்விட்டது. அவன் வாத்தின் பாதத்தைப் பிடித்துக்கொண்டு திகைத்து நின்றான்.

"இதுல ஆள்காட்டி விரல் எது மாமா? மூணும் சேர்ந்தில்ல இருக்கு."

"ஆளைக் காட்டுற விரல்."

"இது இன்னும் யாரையும் காட்டலையே."

நடுவிரலில் வைப்பதென்று முடிவு செய்தார்கள். முதல் வாத்து மை வாங்கிக்கொண்டு இறங்கி, வேகமாக மற்ற வாத்துகளிடம் போய்ச் சேர்ந்தது. ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டாவதும் போயிற்று. முப்பத்தெட்டாவது வாத்தோடு கண்மை தீர்ந்தது. பானைக்கரியை விளக்கெண்ணெயில் குழைத்து ஒரு மூடியில் எடுத்துக்கொண்டார்கள். எழுபது ஆயிற்று, எண்பது ஆயிற்று. ஒன்றும் ஏட்டு பக்கம் வரவில்லை. ஒவ்வொரு வாத்தும் திரும்பிப் போகும்போது சடையன் மூச்சு விடுவான். உடனே ஏட்டைப் பார்த்து முகம் வாடுவான். பொழுது சாய்ந்தால் கிடை மாற வேண்டும்.

தொண்ணூற்றோராவது வாத்து கொஞ்சம் வயதானது, ஒரு கால் தாங்கி நடக்கும். மண்ணாங்கட்டி கேட்டான். "வாக்," என்றது. மை வைத்தார்கள். இறக்கிவிட்டார்கள். அது வாத்துக் கூட்டத்தைப் பார்த்தது. தூரம் அதிகம் என்று நினைத்ததோ என்னவோ, திரும்பி நொண்டி நொண்டி ஏட்டிடம் வந்து, அதன் வயிற்றில் சாய்ந்து உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டது.

கொளஞ்சி கூடையிலிருந்து எழுந்து நின்றான்.

"ஒத்துக்கிச்சு," என்றான் மெதுவாக.

பச்சையம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நல்ல வாத்துய்யா. ஒரு சொல்லு பேசாம முட்டை போடும்."

"அண்ணே," என்றான் சடையன். "ஏட்டும் ஒத்துக்கணுமில்ல? பொண்ணு மட்டும் ஒத்துக்கிட்டாக் கல்யாணம் ஆயிடுமா?"

கொளஞ்சி யோசித்தான். "அதுவும் சரிதான். மாப்பிள்ளையைக் கேளு."

சடையன் மண்டியிட்டு ஏட்டின் காதருகே போனான். "வேணுமாடா?" என்றான்.

ஏட்டு வாத்தை முகர்ந்தது. முன்காலைத் தூக்கி, வாத்து வசதியாக உட்காரக் கொஞ்சம் நகர்ந்துகொடுத்தது. பிறகு முகத்தை அந்தப் பக்கம் திருப்பித் தரையில் வைத்துக்கொண்டு தூங்கிவிட்டது.

"முகத்தைத் திருப்பிக்கிட்டாரு," என்றான் மண்ணாங்கட்டி.

"மாப்பிள்ளை ஒத்துக்கல," என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுக் கொளஞ்சி மறுபடி கூடையில் உட்கார்ந்தான். சடையன் அந்தப் பக்கம் திரும்பி ரொம்ப நேரம் இருமினான்.

அப்போது டாக்டரம்மாவின் ஸ்கூட்டர் வந்து நின்றது. ஹெல்மெட்டைக் கழற்றாமலே குனிந்து ஏட்டைப் பார்த்தார். காதைப் பார்த்தார், பாதத்தைப் பார்த்தார், முதுகில் புதிதாக முளைத்திருந்த முடியைத் தடவிப் பார்த்தார்.

"சொறியவே இல்லையே. நல்லாயிடுச்சே. எதைக் குடுத்தீங்க?"

கொளஞ்சி எழுந்து கைகட்டிக்கொண்டான். "சோறு ஒண்ணும் பேசல. கஞ்சியைப் பிரிக்க முடியல. வாத்துல தொண்ணூத்தொரு பேரைக் கேட்டோம். தொண்ணூறு பேரு ஒத்துக்கல. ஒருத்தர் ஒத்துக்கிட்டாரு, ஏட்டு ஒத்துக்கல."

ஹெல்மெட்டுக்குள் பாதிதான் கேட்டிருக்கும்.

"சோறும் கஞ்சியுமா? அது போதும். மீன்தான் இதுக்கு ஆகல. பரவாயில்ல, நான் சொன்னதை அப்படியே செஞ்சிருக்கீங்க."

"ஒரு சொல்லு விடல டாக்டரம்மா."

"இனிமேலும் இதே மாதிரி விடாம செய்யுங்க."

"இது ராத்திரிக் காவலுக்கு ஆகுமா? எங்களோட கூட்டிக்கிட்டுப் போகலாமா?" என்று சடையன் கேட்டான்.

"தாராளமாக் கூட்டிட்டுப் போங்க."

கொளஞ்சி விடவில்லை. "மறுபடி சொறியாதுன்னு வாக்குக் குடுப்பீங்களா?"

"மீன் குடுக்காம இருந்தீங்கன்னா சொறியாது. வாக்குக் குடுத்தேன், போதுமா?"

மண்ணாங்கட்டி கரி மூடியோடு முன்னால் வந்தான். டாக்டரம்மாவின் இடது கையைப் பிடித்து ஆள்காட்டி விரலில் மை வைத்தான். இங்கே விரல் எது என்ற சந்தேகம் வராதது அவனுக்குப் பெரிய ஆறுதல்.

டாக்டரம்மா விரலைப் பார்த்தார். "இது எதுக்குப்பா?"

"ஒருத்தரே ரெண்டு தடவை குடுத்துடக் கூடாதுல்ல."

டாக்டரம்மா அவனைப் பார்த்தார். வரப்பில் இருந்த என்னையும் ஒரு தடவை பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

வெயில் தாழ்ந்ததும் கிடை கிளம்பியது. முன்னால் ஏட்டு. அதற்குப் பக்கத்தில் சடையன், இடுப்பில் நொண்டி வாத்து. பின்னால் பச்சையம்மா தலையில் பானையோடு. மண்ணாங்கட்டி மட்டும் கரி மூடியைக் கையில் பிடித்துக்கொண்டு, வாத்துகளுக்கு முகம் காட்டிப் பின்பக்கமாகவே நடந்தான். ஒவ்வொரு வாத்தாகக் குனிந்து குனிந்து, "ஒத்துக்கிறீங்களா, நீங்க ஒத்துக்கிறீங்களா?" என்று கேட்டுக்கொண்டே போனான்.

"அதான் ஏட்டுக்கு நல்லாயிடுச்சே, இன்னும் ஏன்டா கேக்கிறே?" என்றாள் பச்சையம்மா.

"விடாம செய்யச் சொல்லியிருக்காங்கடி," என்றான் கொளஞ்சி. "பாதிப் பேரைக் கேட்டுட்டுப் பாதிப் பேரை விட்டா, அவங்க மனசு என்ன பாடுபடும்?"

வாய்க்கால் பாலத்தில் என் வயலின் எல்லை முடிகிறது. அதுவரைக்கும் எந்த வாத்தும் நின்று பதில் சொல்லவில்லை. பாலத்துக்கு இந்தப் பக்கமே நான் நின்றுகொண்டு கணக்கை முடித்தேன். மை வாங்கியவர்கள் தொண்ணூற்றிரண்டு பேர். அதில் ஒருவர் டாக்டரம்மா. இன்னும் கேட்க வேண்டிய வாத்து நூற்றிருபத்தொன்று.